ஸ்கேல் அக்காவின் பழைய பெட்டி

கட்டட வரைபடம் போடுகிற அவளைத் தெருவில் எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படித்தான், வளையாது. கல்யாணத்துக்கு முன்பு ஓர் அலுவலகத்தில் பிறர் வரைந்ததைப் பிரதி எடுக்கப் போனவள், கணினி வந்ததும் தானாகவே தட்டித் தடவி அதில் வரையக் கற்றுக்கொண்டாள். அலுவலகத்தை மூடியபோது அந்தக் கணினியைக் கேட்டு வாங்கி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

அதைத் தூக்கிப் போடச் சொல்லாதவர் கிடையாது. சொல்வது சுலபம். அவள் வரைகிற மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. கட்டைவிரல் அளவுச் சாமான். அதைக் கணினியின் முதுகில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். அதைச் செருகும் வாய் இப்போது வருகிற கணினிகளில் இல்லை. பெட்டி போனால் தொழிலும் போச்சு.

அதற்காகவே காத்திருந்தார் அவளுடைய அண்ணன். கெட்டவர் இல்லை. செருப்புக்கடை வைத்திருக்கிறார், கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும். "வீட்ல உக்காந்து கோடு கிழிச்சு என்னத்தக் கிழிச்ச?" என்பது அவருடைய வாடிக்கையான நகைச்சுவை. கொஞ்ச காலமாக வேலை வரத்து குறைந்திருந்ததால் அவளாலும் சிரித்து மழுப்பத்தான் முடிந்தது.

அப்போதுதான் ஓர் இன்ஜினியர் நாலு மாடிக் கட்டடத்தின் கோப்பை அனுப்பினார். திறக்கும்போதே கணினி பாதியில் நின்றுவிட்டது. மெமரி போதவில்லை. "சாயங்காலத்துக்குள்ள தொறக்க முடியுமான்னு சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் அவர். அதே சாயங்காலம் அண்ணனும் பதில் கேட்க வருவதாக இருந்தது. இது கைநழுவினால் கல்லாதான் கதி.

கடைக்கு ஓடி, உள்ளே இருக்கும் அதே ரகத்தில் இரண்டு மெமரி வாங்கி வந்தாள். காலியாக இருந்த இரண்டு இடங்களிலும் அழுத்திப் பொருத்தினாள். திரை இருண்டே கிடந்தது, பெட்டி மட்டும் பீப் பீப் என்று கத்தியது. கடைக்காரரிடம் போனில் கேட்டாள்.

"போர்டு பழசும்மா. புதுசுக்கும் அதுக்கும் ஏழாம் பொருத்தம். தலமுழுகிட்டு வேற வாங்குங்க."

அவளா தலைமுழுகுகிறவள்? எல்லாவற்றையும் கழற்றி, பழைய மெமரி இருந்த இடத்தில் புதியதில் ஒன்றைப் போட்டாள். கணினி எழுந்தது. அடுத்ததைப் போட்டாள், அதற்கும் எழுந்தது. ஆக, பொருத்தமெல்லாம் சரிதான். இப்போது பழையதை எடுத்துக் காலி இடத்தில் போட்டாள். பீப். பக்கத்து இடத்திலும் பீப். கோளாறு மெமரியில் இல்லை, இடத்தில். இத்தனை வருஷம் சும்மா கிடந்ததற்கு என்ன கேடு வந்தது? டார்ச் அடித்து, மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

மெமரி செருகும் அந்த இரண்டு குழிகளுக்குள்ளும் நீலப் பொட்டுகள். நிமிர்ந்தால் எதிரே அதே நீலத்தில் சுவர்.

அவள் கணவருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழில். "நான் மூடிட்டுத்தானே அடிச்சேன்" என்றார்.

"மேல மூடினீங்க. பக்கத்த?"

சூடாகிறது என்று பெட்டியின் பக்கத் தகடு எப்போதும் கழற்றியே இருக்கும். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் வீட்டில் ஒரு சொட்டு சிந்தாமல் அடிக்கிறவர், சொந்த வீட்டில் மட்டும் கடனே என்று அடித்திருக்கிறார்! ஆனால் சண்டைக்கு இப்போது நேரமில்லை. ஊக்கை எடுத்துச் சுரண்டப் போனாள்.

"குத்தாத, உள்ள கம்பி வளஞ்சிரும். ஸ்பிரிட் தொட்டு வச்சா பெயின்ட் எளகும்."

இருப்பதிலேயே மெல்லிய தூரிகையின் மயிரை ஒட்ட நறுக்கி நீட்டினார். அவள் வாங்கித் தானே தேய்த்தாள். நீலம் செதில் செதிலாக வந்தது. காயவிட்டு, பொருத்திப் பார்த்தாள். பீப். மறுபடி தேய்த்தாள். மறுபடியும் பீப். அதற்குள் அண்ணன் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"விட்டுடேன், உங்கண்ணன் கடையும் கௌரவமான எடந்தானே" என்றார் கணவர்.

"வாய மூடிட்டு டார்ச்ச நேராப் பிடிங்க."

ஒரு குழியின் கோடியில், கம்பிக்கு அடியில், ஒரு துணுக்கு ஒளிந்திருந்தது. ஊறவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள். அது வந்தது. காயவிட்டுப் பொருத்தினாள். இந்த முறை கத்தலில்லை, திரையில் வெளிச்சம் வந்தது. மெமரி முழுதும் கணக்கில் ஏறியிருந்தது. கோப்பு ஆடி அசைந்து திறந்தது, நாலு மாடியும் நின்றன. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"தொறந்துடுச்சு சார். கீழ்த்தளத்துலேருந்து ஆரம்பிச்சிடறேன்."

அண்ணன் எழுந்து வந்து பெட்டியை எட்டிப் பார்த்தார். "இது இன்னும் எத்தன நாளைக்கும்மா ஓடும்? நாளைக்குக் கடைக்கு வர்றியா இல்லியா, அதச் சொல்லு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேற ஆளப் பாருங்கண்ணா. நான் வேலைல இருக்கேன்."