அடித்துத் திருத்திய நற்சான்று

வியாழக்கிழமை காலை, மூடுபனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என் நாட்குறிப்பில் அன்றைய முதல் வரி இது. இரண்டாம் வரி: 'நடத்தைக் கடிதம் கேட்டார்.'

கேட்டவர், என் வீட்டை ஒட்டிய இரண்டு விருந்தினர் அறைகளை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்ட அம்மாள். மலையிலேயே இன்னும் கீழே உள்ள பேத்துப்பாறை கிராமத்திலிருந்து வருவார். மாதக் கடைசியோடு அறைகளை வாடகைக்கு விடுவதை நிறுத்துகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில், வருடம் முழுக்கத் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அதன் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வேலைக்கு வருபவர் பழைய இடத்தில் எப்படி நடந்துகொண்டார் என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் இருந்தால்தான் பேச்சு. இல்லாவிட்டால் அம்மாளுக்குச் சீசனில் இரண்டு மாத வேலை, மீதி நாளெல்லாம் பீன்ஸ் தோட்டத்துக் கூலி.

இவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் மனிதரைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் காது வழியாக உள்ளே போயிருந்தன. வந்தவர்கள் பெட்டியைத் திறக்கும் முன்பே எனக்குத் தகவல் வரும். சிரித்துக்கொண்டே இறங்கினால் ஜாலி டைப். படுக்கை விரிப்பை முகர்ந்து பார்த்தால் ஃபஸ்ஸி, சின்ன விஷயத்திலும் நொட்டை பார்க்கிறவர். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான் ஆறு வருட நாட்குறிப்புகளையும் மேசையில் அடுக்கிக்கொண்டு எழுதினேன். நேர்மைக்கு ஹானஸ்ட். உழைப்புக்கு ஹார்ட்வொர்க்கிங். அதன் பின் அப்ஸ்டினேட். கடைசியாக, எப்போதாவது தாமதமாக வருவார் என்று ஒரு வரி. வாசித்துக் காட்டினேன்.

"அப்ஸ்டினேட்னா என்னங்க சார்?"

"யார் சொன்னாலும் கேக்காம, பிடிச்ச பிடியில நிக்கிறது."

"அது உங்க லெட்டர்ல வரவேண்டியது. என் லெட்டர்ல எதுக்கு?"

ஆதாரம் இருக்கிறது என்றேன். போன டிசம்பரில் ஒரு குடும்பம், குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோம் என்றது. கொடுத்துவிடுங்கள், வந்தவர்களிடம் எதற்குச் சண்டை என்று நானும் சொன்னேன். இவர் கொடுக்கவில்லை. அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் சமையல் கட்டில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றைய குறிப்பில் 'பிடிவாதம்' என்றே எழுதியிருக்கிறேன்.

"உள்ள வச்சிருந்தா காலைல யாரு எந்திரிச்சிருப்பா? அதையும் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அது திரும்பி வந்தது. முன் அறையில் தங்கியிருந்த பெங்களூர்த் தம்பதியிடம் காட்டியிருக்கிறார். அப்ஸ்டினேட் நீல மையில் அடிக்கப்பட்டு, மேலே ஃபர்ம் என்று இருந்தது. உறுதியானவர்.

"ஒரே குணந்தானாம் சார். பிடிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை, பிடிக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க எந்தப் பக்கம்னு அந்தப் பொண்ணு கேக்குது."

சனிக்கிழமை மதியம் மறுபடி வந்தது. இந்த முறை பச்சை மை. பின் அறைக்கு வந்திருந்த, கொச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ், அடுப்புக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஃபர்மையும் அடித்து ரெஸ்பான்ஸிபிள் ஆக்கியிருந்தார். பொறுப்பானவர். தாமத வரியோடு 'பலத்த மழை பெய்தால் மட்டும்' என்றும் சேர்த்திருந்தார். நாட்குறிப்பைப் புரட்டினேன். பதினோரு தாமதங்கள், பதினொன்றிலும் மழை.

மாலைக்குள் எல்லாத் திருத்தங்களையும் ஏற்று, நல்ல தாளில் தேதியிட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். பழைய தாளையும் அவர் கையில் கொடுத்து, கிழித்துவிடச் சொன்னேன். "சரிங்க சார்" என்றார். அந்தச் சரியின் வேகத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறு பகல் பங்களாக்காரர் தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க லெட்டர் பாத்தேன். ஒரே அடித்தல் திருத்தலா இருக்கே."

"நல்ல பிரதி ஒண்ணு கொடுத்திருந்தேனே."

"கேட்டேன். அத யாரும் படிச்சுப் பாக்கல, இத மூணு பேர் படிச்சுத் திருத்தியிருக்காங்க, எது நம்பிக்கைன்னு நீங்களே சொல்லுங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. அந்தக் கரி அடுப்பு விஷயம் நெஜமா?"

"நிஜம்தான். நான் சொல்லியும் கேக்கல."

"முன்னாடி இங்க வேலைக்கு இருந்தவர் ரொம்பப் பணிவானவர்னு லெட்டர் கொண்டு வந்தார். யார் கேட்டாலும் கதவைத் திறந்து விட்டார். இவங்கள நாளைக்கே வரச் சொல்லிட்டேன்." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கடைசி வரிய மட்டும் நீங்க பாத்தீங்களான்னு தெரியல. பச்சை மையில இருக்கு."

"பாக்கல. என்ன இருக்கு?"

அவர் நிதானமாகத் தமிழில் சொன்னார். "இந்தக் கடிதத்தை எழுதியவர் ரொம்ப ஃபஸ்ஸி. ஆனால் பொய் எழுத மாட்டார்."

எனக்கும் ஒரு நற்சான்று தேவை என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். சனிக்கிழமை மாலை தாள் என் கையை விட்டுப் போன பிறகு, சொன்னது அவர், எழுதியது நர்ஸ்.

வரிக்குக் கீழே தேதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லையே."

சனிக்கிழமை என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.