மூன்று புட்டிச் சாறும் முருங்கைக்கீரையும்

வேப்பங்குச்சியால் பல் துலக்கித் துப்பினேன். எச்சில் சிவப்பாக இருந்தது. குச்சி கிழித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் நாக்கு பட்டதும் முன்பல் ஒன்று ஆடியது. அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு.

அதற்கு முன் மூன்று மாதம் டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் விஷக்காய்ச்சல்) என்னைப் படுக்கையில் போட்டிருந்தது. கோயமுத்தூர் மில்லில் குமாஸ்தா வேலைக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் துடியலூரில் மனைவி வீட்டில் தங்கியிருந்தேன். காய்ச்சிய பாலும் அரிசிக் கஞ்சியும்தான் பத்தியம். காய்ச்சல் என்னை விட்ட பிறகும் மாமியார் பத்தியத்தை விடவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். காலில் இருந்த நீலத் திட்டுகளையும் பார்த்தார். ஸ்கர்வி (‘சி’ என்னும் ஜீவசத்துக் குறைவால் ஈறில் ரத்தம் கசியும் நோய்) என்றார். எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொன்னார்.

பழத்தைப் பிழிந்து கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மாமியார் பயந்தார். மருந்துக்கடையிலிருந்து சீமைப் புட்டிச் சாறு வரவழைத்தார். புட்டியில் வந்ததால் அது மருந்தாகிவிட்டது.

மூன்று புட்டி தீர்ந்தது. ஆடிய பல் விழுந்தது, பக்கத்துப் பல் ஆடத் தொடங்கியது. பயந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காலிப் புட்டியோடு டாக்டரிடம் போனேன். முகர்ந்து பார்த்தார்.

“காய்ச்சிச் சர்க்கரை போட்டு, கப்பல்ல வந்து, கடையில எத்தன மாசம் நின்னுச்சோ. இனிப்பு இருக்குதுங்க, சத்து போயிருக்கும். உங்க ஊட்டுல மத்தவங்க என்னங்க சாப்பிடறாங்க?”

“களியும் முருங்கைக்கீரையுங்க.”

“அவங்களுக்கு ஈறுல ரத்தம் வருதுங்களா?”

வரவில்லை. வேகவைத்தால் கீரையிலும் சத்துக் குறையும், ஆனாலும் இந்தப் புட்டியைவிட மிஞ்சும் என்றார். பறித்தவுடன் ஒரே கொதியில் இறக்க வேண்டும், தண்ணீரை வடிக்கக் கூடாது.

முருங்கை வேலியோரமே நின்றது. மாமியார்தான் ஒப்பவில்லை. அவர் என்னிடம் நேராகப் பேசமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னார்.

“ஏங் கண்ணு, மாப்பிள்ளைக்கு முருங்கத்தழைய ஆக்கிப் போட்டா ஊருல ஒருத்தராச்சும் நம்மள மதிப்பாங்களா?”

அந்த மரியாதையிலேயே என் பற்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே கதவைப் பார்த்துப் பேசினேன்.

“ஏனுங்க அத்தை, பல்லில்லாத மாப்பிள்ளைக்கு மரியாதை எதுக்குங்க? நீங்க சாப்பிடறதையே எனக்கும் போடுங்க.”

சற்று நேரத்தில் வேலிப்பக்கம் கிளை ஒடியும் சத்தம் கேட்டது.

வாசற்கதவைச் சாத்திவிட்டுத்தான் பரிமாறினார்கள். கீரையின் பச்சை தெரியாதபடி மேலே நிலக்கடலைப் பொடி தூவியிருந்தது. பத்து நாளில் எச்சில் வெளுத்தது. பிறகு, பக்கத்துப் பல்லின் ஆட்டமும் நின்றுவிட்டது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களுக்கென்று தனியாக வைப்பதை மட்டும் சாப்பிடாதீர்கள். வீட்டார் தட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

முன்பெல்லாம் மில் சங்கு ஊதினால்தான் எனக்குப் பொழுது விடியும். இப்போது சங்கு ஊதிய பிறகும் விடிவதில்லை. பல் துலக்கித் துப்பி, குனிந்து அதைப் பார்த்த பிறகுதான் விடிகிறது.