இரண்டு அரசாங்கக் கையெழுத்துகள்

என் தங்கையின் மகள் ஏசி திருத்துவாள். இதைச் சொன்னதும் கொழும்பு வெள்ளவத்தையில் பலர் என்னை ஒரே மாதிரிப் பார்ப்பார்கள்: பாவம், குடும்பத்தில் ஏதோ நடந்துவிட்டது என்ற பார்வை. ஒன்றும் நடக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்தாள், வகுப்பில் முதலாவதாக வந்தாள், கொட்டாஞ்சேனையில் ஒரு கம்பனியில் இரண்டு வருடம் ஏணி பிடித்தாள். ஏணியில் ஏறியவர்களுக்கு அவளைவிடக் குறைவாகத்தான் தெரியும் என்பது அவளுக்கும் ஏணிக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

அதனால் சொந்தமாகத் தொடங்க நினைத்தாள். மாடி வீடுகளில் பகலில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆண்களைப் படுக்கையறைக்குள் விடப் பயம். ஒரு பெண் போனால் கதவும் திறக்கும், தேத்தண்ணியும் வரும். பக்கத்து வீடுகளில் நாலைந்து பேர் ஏற்கனவே அவளைத்தான் கூப்பிட்டார்கள். தேவைப்பட்டவை ஒரு பம்ப், காஸ் சிலிண்டர்கள், பழைய ஓட்டோ. ஒரு வங்கியில் இளைஞர் தொழில் தொடங்கக் கடன் கொடுக்கிறார்கள் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் ஓர் இளைஞனும் யுவதியும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் என்ன இருந்தது என்று போடவில்லை.

திட்ட அறிக்கையை நானே எழுதினேன். அரசாங்க அலுவலகத்தில் இலிகிதனாகக் கோப்பு எழுதி, மூன்று நகைச்சுவைப் புத்தகம் எழுதியவன் அல்லவா? பதினான்கு பக்கம் வந்தது. கொழும்பு வெயிலைப் பற்றி மட்டும் மூன்று பக்கம். வங்கி அதிகாரிக்கு என் மகன் வயது. சிங்களவர், ஆனால் எங்களுக்காகத் தமிழில் கதைத்தார். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"அங்கிள், பிணை நிக்கிற ரெண்டு பேர் எங்க? ரெண்டு பேரும் நிரந்தர அரசாங்க வேலையா இருக்கணும்."

"ஒண்டு நான் இருக்கிறன்தானே."

"அங்கிள் இப்பவும் வேலையா?"

"போன வருசம் பென்சன் எடுத்தனான்."

"அப்ப சரிவராது அங்கிள்," என்றார், துக்கம் விசாரிப்பவரைப் போல.

எழுத வேண்டும் என்று வயது வரும் முன்பே வேலையை விட்டவன் நான். இலக்கியத்துக்காகச் செய்த தியாகம் என்று மேடையேறிச் சொல்லியுமிருக்கிறேன். என் கையெழுத்துக்கு நாட்டில் மதிப்பிருந்த ஒரே காலத்தை நானே முடித்துக்கொண்டேன் என்பது வங்கியின் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

ஆள் தேடத் தொடங்கினோம். எங்கள் குடும்பத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்த தலைமுறை பென்சனில் இருக்கிறது. அடுத்த தலைமுறை டொரண்டோவில். மிஞ்சியவள் கிருலப்பனையில் ஒரு மச்சாள், அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் முன்பொருமுறை தன் கணவரின் தம்பிக்குப் பிணை நின்றவள். அந்தத் தம்பி இப்போது கட்டாரில் இருக்கிறார். கடன் மாதாமாதம் இவள் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. எங்களைக் கண்டதும் கேக் வெட்டித் தந்தாள். எதற்கு வந்தோம் என்று சொன்னதும் அழுதாள். நாங்கள் கேக்கைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பிறகு என் பழைய நண்பன். பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவன், இன்னும் சேவையில் இருக்கிறான். மருமகளையும், அதாவது தங்கையின் மகளையும், கூட்டிக்கொண்டு போனேன்.

"மச்சான், உனக்குச் செய்யாம ஆருக்குச் செய்யிறது?" என்றான். "ஆனா நான் ஏற்கனவே ரெண்டு பேருக்கு சைன் வச்சிட்டன். மூண்டாவதுக்கு விடமாட்டாங்கள்."

பொய் என்று உடனே தெரிந்தது. ஏனென்றால் அந்த வசனம் என்னுடையது. அலுவலகத்தில் கேட்டு வந்த எல்லோருக்கும் நான் சொன்னது. இந்த நண்பனே தன் தம்பி அச்சகம் தொடங்கப் பிணை கேட்டபோது அவனுக்கும் சொன்னது. அவன் முகத்தில் பழிவாங்கிய சந்தோசம் கொஞ்சம் தெரிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. நான் அந்நாளில் பயந்ததைப் போலவே பயந்துபோயிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் கேட்டாள்:

"மாமா, நீங்க வேலையில இருக்கேக்க எத்தினை பேருக்கு சைன் வச்சனீங்க?"

"ஒருத்தருக்கும் இல்லை."

அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் ஒரு பகிடியைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்த வாரமே டொரண்டோவில் இருக்கும் அவளுடைய சித்தப்பா வீடியோவில் வந்தார். எங்கள் குடும்பத்தில் பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்தால் செய்யும் சாமத்தியச் சடங்குகளுக்கு அங்கிருந்தே காசனுப்பி மண்டபம் பிடித்துக் கொடுப்பவர் அவர்.

"ஏசி கடையோ? குமர்ப்பிள்ளையை ஏணியில ஏத்தப் போறியளோ? அங்க என்ன கிடக்கு? பிள்ளையை இங்க அனுப்புங்கோ. ஸ்டூடண்ட் விசா. வயசு போன ஆக்களைப் பராமரிக்கிற படிப்பு, முடிய வேலை நிச்சயம். காசை நான் பாக்கிறன்."

"அந்தக் காசில கால்வாசி தந்தா இங்கயே தொடங்குவன், சித்தப்பா," என்றாள் மருமகள்.

"விசர்க் கதை கதையாதை."

அவர் செலவழிக்கத் தயாரானது நாங்கள் கேட்ட கடனைப் போல நாலு மடங்கு. பிணை கேட்கவில்லை. சுவரொட்டியும் ஒட்டவில்லை. தங்கை என்னைப் பார்த்தாள். கையில் ஒரு கையெழுத்துக்கூட இல்லாத நான், விசா விண்ணப்பத்தை நிரப்பப் பேனையை எடுத்தேன்.

விசாவுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது: இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்று. அதையும் நான்தான் எழுதினேன். சின்ன வயதிலிருந்தே முதியோரைப் பராமரிப்பதில் அவளுக்கு இருந்த தாகம் பற்றி இரண்டு பக்கம். வாசித்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, இதை வாசிக்க எனக்கே போக ஆசையா இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விசா கிடைத்தது. என் எழுத்தை ஓர் அதிகாரி முழுதாக நம்பியது அதுதான் முதல்முறை.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வேனில் அவள் தொலைபேசி அடித்தது. வெள்ளவத்தை மாடி வீட்டிலிருந்து ஓர் அம்மா; ஏசியிலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறதாம்.

"அன்ரி, முதல்ல சுவிட்சை ஓஃப் பண்ணுங்க. பல்கனியில ஒரு பைப் தொங்குது, என்ன? அது அடைச்சிருக்கும். வாயை வச்சு ஊதுங்க. இல்ல அன்ரி, பல்லியெல்லாம் வராது. நல்லா ஊதுங்க."

மறுமுனையில் ஊதும் சத்தம் வேனில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. சாரதிகூடச் சிரித்தார்.

"நிண்டிட்டுது பிள்ளை! நீ நல்லா இருப்பாய். அடுத்த கிழமை வந்து ஒருக்கா சேர்விஸ் பண்ணிவிடு. மேல் வீட்டுக்காரரும் உன்னைத்தான் கேக்கினம்."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வீதியைப் பார்த்தேன்.

"ஓம் அன்ரி, பாப்பம்," என்றாள். பிறகு சிம்மைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

அந்த இலக்கத்துக்கு இன்னும் அழைப்பு வருகிறது. நான்தான் எடுக்கிறேன். பிள்ளை இல்லை என்கிறேன். ஏசி திருத்துற வேறு ஆரும் பொம்பிளைப் பிள்ளை இருக்கோ என்று கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன்.