எட்டு வாட் போதுமா?

துறைமுகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கோதண்டம், எர்ணாவூர் வீட்டில் காலையிலிருந்து உட்காரவில்லை. பாட்டு கேட்பதற்குக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. யானைக்கவுனிக் கடைக்காரர் ஜோபின், அவருக்குக் கட்டுப்படியாகும் ஒரே விலையில் இரண்டைப் போட்டுப் பார்க்கக் கொடுத்திருந்தார். புதியது எட்டு வாட், பழையது முப்பது வாட். எதை வைத்துக்கொள்வது என்று மாலை ஐந்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"இன்னாது, எட்டா? நம்ம வூட்டு பல்பே ஒம்பது வாட்டுய்யா!" என்று சிரித்தாள் மனைவி குப்பம்மா.

அந்தச் சிரிப்பு அவரை அரித்தது. சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம், கிரேன் கேபினில் ரேடியோ கேட்ட பழக்கத்தில், ஒலியைக் கூட்டி லாரியை அமுக்கப் பார்த்தார். எட்டு வாட்டில் பாட்டு கரகரத்தது. முப்பதில் ஜன்னல் அதிர்ந்தது. அணைத்து, வயரை மாற்றி, மறுபடி போட்டு, ஏழு முறை பார்த்துவிட்டார்.

"யோவ், லாரிகூட இன்னாத்துக்கு மல்லுக்கட்டிக்கினு கீற? அது போவட்டும், அப்பால கேளு" என்று குப்பம்மா வந்து குமிழைத் திருகிக் குறைத்தாள்.

லாரி போனது. அடுத்தது வருவதற்குள், பாடகி மூச்சு இழுப்பதுகூட எட்டு வாட்டில் தெளிவாகக் கேட்டது. அதே அளவில் முப்பதையும் வைத்துப் பார்த்தார். குரலுக்கு அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது.

நாலரைக்கு ஜோபினை அழைத்தார். "சின்னதையே வெச்சிக்கிறேன் தம்பி."

ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தார். "அந்த வால்வு பூட்ச்சுனா வேற கெடைக்குமா?"