வெற்றுப் பிலிம்

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய். வழக்கம்போல் மாட்டுங்காவில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கினேன். ஆய்வுக்கூடத்தின் இருட்டறையைத் திறந்து, பிலிம் கழுவும் திரவங்களைக் கலந்து வைத்தேன்.

மாலையில் எலிக்காரர் வந்தார். எலிக் கருவில் சிறுநீரகம் உருவாகும்போது எந்த ஜீன் எப்போது வேலை தொடங்குகிறது என்று ஆராய்பவர். ஜீன் வேலை செய்தால் பிலிமில் கறுப்புப் பட்டை விழும். ஒடிசலான உடம்பு, தாராவியில் வாடகை அறை, தனி ஆள். நான் பிலிமைத் திரவத்தில் போட்டதும், பார்க்கத் தைரியமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

“என்ன தெரியுது அண்ணாச்சி?”

போன வாரப் பிலிமில் பட்டை தெளிவாக விழுந்திருந்தது. இதில் எதுவுமில்லை.

“ஒண்ணும் விழலைப்பா. மனசை விட்டுடாதே, இன்னொரு தரம் பார்க்கலாம்.”

திரும்பியவர் சிரித்தார்.

“விழக் கூடாது அண்ணாச்சி. போன வாரம் சிறுநீரகமா மாறுற திசுவையும் அதுக்குப் பக்கத்துத் திசுவையும் சேத்து வளத்தேன். இது பிரிச்சு, ஒத்தையா வளத்தது. பக்கத்துத் திசு வந்து தொட்டாத்தான் அந்த ஜீன் முழிக்கும்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேன், ஒருத்தனும் நம்பல. இதுலயும் பட்டை விழுந்திருந்தா ரெண்டு வருச உழைப்பும் போச்சு.”

“அப்போ யாருக்காவது போன் பண்ணிச் சொல்லேன்.”

“ஒண்ணுமில்லாத பிலிமைக் காட்டி யாருகிட்ட அண்ணாச்சி சந்தோசப்பட? அதான் உங்ககிட்ட சொல்லுதேன்லா.”

பிலிமை உலரத் தொங்கவிட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார். ஒன்றும் விழாததற்காக ஒருவர் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, பெருக்குபவர் வருமுன், முதல் வேலையாக அந்தப் பிலிமின் கீழே ‘எறிய வேண்டாம்’ என்று இந்தியில் எழுதி ஒட்டினேன்.