சூடாக இருந்த இரண்டு குழாய்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுகிற ஆள் நான். பயத்தால் இல்லை, எனக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. பதினோரு வருடமாக மனுஷ ரத்தத்தைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டு போகிறவன், அதற்கெல்லாம் பயந்தால் பிழைப்பு நடக்குமா? அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தொம்மலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. குழாயில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் பெயரை வாசிக்க வராது, அதனால் ஒவ்வொரு குழாயாகக் கையில் எடுத்து, எண்ணித்தான் லேபில் ஒப்படைப்பேன். என் மகள் ஜெனி அப்படியில்லை. பயோடெக்னாலஜி டிகிரி முடித்து, வேலை கிடைக்காமல் ஒரு வருடம் வீட்டில் இருந்து, பிறகு லேப் டெக்னீஷியன் டிப்ளமோவும் படித்து, எங்கள் லேபிலேயே ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தாள். வேலை நிரந்தரமானால் மேலே எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், ஆராய்ச்சிக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அந்த ஆறு மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் சர்க்கரை நோய் பரிசோதனை முகாம். ஆளுக்கு ஒரே ஒரு ஊதா மூடிக் குழாய். மாடி ஹாலில் ஜெனி ரத்தம் எடுத்தாள், நான் கீழே பார்க்கிங்கில் வண்டியோடு நின்றேன், மேலே போய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குக் கூட்டம் என்றால் கூச்சம். முடிந்ததும் முப்பத்திரண்டு குழாய்களை ஐஸ் பாக்கெட் வைத்த பெட்டியில் அடுக்கி, ஜெனியைப் பின்னால் உட்காரவைத்து, டிராஃபிக்கில் ஊர்ந்து லேபுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு.

பெட்டியைத் திறந்து எண்ண ஆரம்பித்தேன். எல்லாம் ஜில்லென்று இருந்தன. பதினெட்டு வரை எண்ணிவிட்டுப் பத்தொன்பதாவதைத் தொட்டேன், சுட்டது. நெருப்பு மாதிரி இல்லை, தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. இருபதாவதும் அப்படியே. இருபத்தொன்று மறுபடி ஜில். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன், அந்த இரண்டு மட்டும் இப்போதுதான் உடம்பிலிருந்து வந்த மாதிரி இருந்தன. பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டர் ஐந்து டிகிரி காட்டியது, எண் வாசிக்க எனக்குத் தெரியும்.

"ஜெனி, இத கொஞ்சம் புடிச்சுப் பாரும்மா."

வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "ஜில்லுனுதானே இருக்கு டாடி. ஆக்சிலேட்டர முறுக்கி முறுக்கி உங்க கைதான் சூடாயிருக்கு."

சொல்லிக்கொண்டே பெயரைப் படித்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "இந்த ரெண்டுமா? வேற எதுவும் இல்லையா?"

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். ரத்தம் எடுத்த பிறகு, ஆளிடம் பெயர் கேட்டு, அவர் கண்ணெதிரிலேயே லேபிள் ஒட்ட வேண்டும், அதுதான் விதி. முகாமில் கூட்டம் நெருக்கும், அதனால் வரிசை லிஸ்டைப் பார்த்து முன்னாடியே குழாய்களில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். இவளும் அப்படித்தான் செய்திருக்கிறாள். ராமநாதன் என்கிற பெரியவர் போன் வந்து எழுந்து போக, அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த இரண்டு பேர் பெயர்தான் இந்தக் குழாய்களில். இவள் வரிசைப்படியே குழாயை எடுத்தாளா, மாற்றி எடுத்தாளா, அவளுக்கே நினைவில்லை.

"மேடம் ஏற்கெனவே ஒருவாட்டி வார்ன் பண்ணிருக்காங்க டாடி. இப்ப போய்ச் சொன்னா வேலை போயிடும். சரியாவும் இருக்கலாம் இல்ல?"

சொல் என்று நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவளிடமிருந்து வாங்கிய அந்த இரண்டு குழாய்களையும் திரும்ப ஸ்டாண்டில் வைக்க என் கை போகவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

லேபை நடத்தும் மஞ்சுளா மேடத்தின் கன்னடம் கலந்த குரல் வெளியே கேட்டது. "ஏனம்மா ஜெனி, முன்னாடியே லேபிள் ஒட்டாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? சர்க்கரை இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்தா யாரு பதில் சொல்றது, நீனா, நானா? ஹோகு, இப்பவே போய் ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி எடுத்துட்டு வா."

போனோம். மறுபடி எடுத்த ரத்தத்தையும் பழையதையும் மிஷினில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் ரத்தமும் மாறித்தான் போயிருந்தது. ஜெனியை வேலையை விட்டு அனுப்பவில்லை. இன்னும் மூன்று மாதம் தற்காலிகமாக வைத்துப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்கினார்கள், இப்போது எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டே அங்கேயே வேலை பார்க்கிறாள். பழைய குழாய்களைக் குப்பைப் பையில் போட்டது நான்தான், அப்போது அவை மற்றதைப் போலவே ஜில்லென்று இருந்தன. கை சூடுதான் காரணம் என்று ஜெனி இன்றும் சொல்கிறாள், இருக்கலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. நாங்கள் மறுபடி வருகிறோம் என்று அவர்களுக்கு யாரும் போன் செய்து சொல்லவில்லை, பயத்தில் ஜெனிக்கு அது தோன்றவே இல்லை. ஐந்தாவது மாடியில் ராமநாதன் சார் கதவைத் திறந்து வைத்து, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் எடுத்து முடித்து ஜெனி அந்த இன்னொருவர் வீட்டுக்கு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குமுன் என்னை ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த மனிதர் என் வலது கையைப் பார்த்துக் கேட்டார்:

"மொதல்ல எடுத்தது இன்னும் சூடாவா இருக்கு?"

"ஆமா சார்" என்றேன்.

சரி என்பது போலத் தலையசைத்தார், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்.