பாதத்தின் மேல் ஒரு முட்டை

உலக உருண்டையைத் தலைகீழாகக் கவிழ்த்து, "இப்ப தென் துருவந்தான் மேல. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று அதட்டுகிறார் பனி டீச்சர். நூலக வகுப்பு எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பக்கத்து அறையில் கணக்கு எடுக்கும் என் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

பென்குயின் நாவல் ஒன்றை வாசித்துக் காட்டுவதற்கு முன் வருடா வருடம் ஒரு வாரம் இந்தக் கூத்து நடக்கும். ஐஸ் வாளிக்குள் கையை விட்டு இருபது எண்ணவேண்டும். சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. அங்கே மாதக்கணக்கில் சூரியன் கிடையாதாம். "குளிரே தெரியாதவனுக்கு அந்தக் கதையில என்னடா புரியும்?" என்பார்.

கடைசி நாள் முட்டை. அம்மா பென்குயின் இரை தேடிக் கடலுக்குப் போக, அப்பா இரண்டு மாதம் பட்டினி கிடந்து பாதத்தின் மேல் முட்டையைக் காக்கும். பிள்ளைகள் அவித்த முட்டையைப் பாதத்தில் வைத்து நடக்கவேண்டும். மணி அடித்ததும் உரித்துத் தின்னலாம்.

இந்த வருடம் அன்று காலையிலேயே, குருவி என்று நாங்கள் கூப்பிடும் சிறுமியின் அப்பா வாசலில் டீச்சரிடம் அழுதார். "அவ அம்மாவுக்கு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

நாவலிலும் அம்மா திரும்பி வராது. எனக்கு ஆத்திரமாக வந்தது. "இந்த வருஷம் அந்தப் புத்தகத்தை விட்டாத்தான் என்ன, குடியா முழுகிடும்?" என்றேன்.

"விட்டா அவ அம்மா எழுந்து வந்துடுவாளா, சார்? அழறதை நாப்பது பேரோட உக்காந்து அழட்டும்."

இவ்வளவு பேசியவர், வகுப்பில் குருவி "அம்மா வந்துடும்ல டீச்சர்?" என்று கேட்டதும், "வராம எங்க போகும்?" என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

மணி அடித்தது. எல்லாரும் உரித்துத் தின்றுவிட்டு ஓடினார்கள். குருவி மட்டும் முட்டையோடு அசையாமல் நின்றாள். "அம்மா வர்ற வரைக்கும் கீழ வைக்கக்கூடாதுல்ல?"

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா சொல்லிட்டேன்டி. சில அம்மா வராது" என்றார் டீச்சர்.

குருவி அவரைப் பார்க்கவில்லை. கால்கள் மட்டும் நடுங்கின. முட்டை விழவில்லை.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். ஐஸ் தண்ணீர் சிந்திக் கிடந்த தரையில், அவள் விரல்களோடு தன் கால் விரல்கள் முட்ட நெருங்கி நின்றார்.

"கால் வலிக்கும். கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன், தள்ளு."